இங்கிலாந்தில் டிரஸ்ட் பள்ளிகள்: புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், க்ராய்டன் என எங்கே குடியேறினாலும், பிள்ளைக்கு 11 வயது நெருங்கும்போது செகண்டரி பள்ளி தேடும் வேலை வந்துவிடும். பள்ளி வாசலில் இருக்கும் போர்டைப் பாருங்கள். பள்ளியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். ஏதோ ஒரு டிரஸ்ட், அல்லது ஃபெடரேஷன். நம் ஆட்களில் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பிள்ளைக்கு இடம் தருவதா வேண்டாமா, பள்ளிக்கு எவ்வளவு பணம், உங்கள் புகாரை யார் விசாரிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்தச் சிறிய எழுத்துப் பெயர்தான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். டிரஸ்ட் நடத்தும் பள்ளி என்றதும் ஊர் நினைப்பில் "டொனேஷன் கேட்பார்களா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. இவை அரசுப் பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளிகள். சேர்க்கைக்குக் கட்டணமும் இல்லை, படிப்புக்குக் கட்டணமும் இல்லை. சுற்றுலாவுக்கோ பள்ளி நிதிக்கோ நன்கொடை கேட்டுக் கடிதம் வந்தால், அது உங்கள் விருப்பம். கொடுக்காததால் பிள்ளையின் இடத்துக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் பள்ளி அமைப்பு வேறு. அங்கே இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இங்கே முடிவெடுக்காதீர்கள்.

முதல் வேலை: எந்த வகை டிரஸ்ட் என்று தெரிந்துகொள்வது

பல பள்ளிகள் ஒரே டிரஸ்டின் கீழ் சேர்ந்து நடப்பதில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும், உள்ளே நிலைமை வேறு.

முதல் வகை 2006-ஆம் ஆண்டின் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டத்தால் வந்தது. கவுன்சில் (அந்தந்தப் பகுதியின் உள்ளாட்சி) நிதியில் நடக்கும் பள்ளிகள் தங்களுக்குள் ஒரு அறக்கட்டளையைப் பொதுவாக அமைத்துக்கொள்ள அந்தச் சட்டம் வழிசெய்தது. பல்கலைக்கழகம், கல்லூரி, நிறுவனம் என்று வெளியாட்களும் அதில் பங்காளிகளாகச் சேரலாம். பள்ளியின் நிலமும் கட்டடமும் அறக்கட்டளை வசம் போகும், பள்ளி நிர்வாகக் குழுவில் சில கவர்னர்களை அது நியமிக்கும். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் தனி கவர்னர் குழு, தனி பட்ஜெட் அப்படியே இருக்கும். பணமும் கவுன்சில் வழியாகவே வரும். 2008-இல் ஸ்டாக்போர்ட்டில் உள்ள ரெடிஷ் வேல் பள்ளி கூட்டுறவுக் கொள்கையில் இப்படி ஒரு டிரஸ்டை அமைத்தது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பள்ளிகள் அதே வழியில் போயின.

இரண்டாவது வகைதான் இன்று எங்கும் பரவியிருப்பது. மல்டி அகாடமி டிரஸ்ட் என்பார்கள், பேச்சில் சுருக்கமாக 'மேட்'. கவுன்சிலின் கீழ் இல்லாமல், அரசிடம் நேரடியாகப் பணம் வாங்கி டிரஸ்ட் நடத்தும் பள்ளிதான் அகாடமி. அகாடமி என்ற பெயரில் முதல் மூன்று பள்ளிகள் 2002-இல் திறந்தன: பெக்ஸ்லியில் ஒன்று, ஹாரிங்கேயில் ஒன்று, மிடில்ஸ்பரோவில் ஒன்று. பின்தங்கிய பகுதிகளில் சரியாக நடக்காத பள்ளிகளைத் தூக்கி நிறுத்துவதே அன்றைய நோக்கம். 2010-இல் வந்த அகாடமிகள் சட்டம் நன்றாக நடக்கும் பள்ளிகளும் மாறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இப்போது இங்கிலாந்தின் செகண்டரி பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அகாடமிகள். அவற்றில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு மேட்டுக்குள் இருக்கின்றன.

வேறுபாட்டை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். முதல் வகை, தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும் அண்ணன் தம்பிகள் கிணற்றை மட்டும் பொதுவாக வைத்திருப்பது. இரண்டாவது வகை கூட்டுக் குடும்பம்: ஒரே உலை, ஒரே பெட்டிச் சாவி.

சட்டப்படியும் அப்படித்தான். மேட்டுக்குள் இருக்கும் பள்ளிக்குத் தனியாகச் சட்ட உருவம் கிடையாது. டிரஸ்ட் என்பது ஒரு கம்பெனி, அறநிறுவனமும்கூட. ஆசிரியர்களை வேலைக்கு வைத்திருப்பது டிரஸ்ட். கல்வி அமைச்சரோடு நிதி ஒப்பந்தம் போட்டிருப்பதும் டிரஸ்ட். கட்டடம் பெரும்பாலும் கவுன்சிலிடமிருந்து 125 ஆண்டுக் குத்தகையில் டிரஸ்டின் பெயரில் இருக்கும். 2006-ஆம் ஆண்டு வகைப் பள்ளி, வேண்டாம் என்று தோன்றினால் உரிய நடைமுறைப்படி அறக்கட்டளையை விட்டு விலகலாம். மேட்டில் இருக்கும் பள்ளி தானாக விலக முடியாது. பெற்றோர் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் அது கோரிக்கைதான்.

உங்கள் பள்ளி எந்த வகை என்று பார்க்க, கல்வித் துறை நடத்தும் 'கெட் இன்ஃபர்மேஷன் அபவுட் ஸ்கூல்ஸ்' தளத்தில் பள்ளியின் பெயரைத் தட்டுங்கள். வகை என்ற இடத்தில் 'ஃபவுண்டேஷன் ஸ்கூல்' என்று இருந்து டிரஸ்டின் பெயரும் இருந்தால் முதல் வகை. 'அகாடமி கன்வெர்ட்டர்', 'அகாடமி ஸ்பான்சர் லெட்', 'ஃப்ரீ ஸ்கூல்' (புதிதாகத் தொடங்கப்பட்ட அகாடமி வகை) என்று இருந்தால் இரண்டாவது குடும்பம். எந்த டிரஸ்ட், அதில் வேறு எந்தெந்தப் பள்ளிகள் என்பதும் அங்கேயே கிடைக்கும். ஐந்து நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த எதையும் தொடங்காதீர்கள்.

இனி பெரும்பாலும் மேட் பற்றியே பேசுகிறேன், உங்களில் அதிகம் பேர் சந்திக்கப்போவது அதைத்தான்.

யாரிடம் என்ன அதிகாரம்

நம்மூர்ப் பழக்கத்தில் பள்ளி என்றால் ஹெட்மாஸ்டர்தான் எல்லாம். இங்கே ஹெட் டீச்சருக்கு மேலே மூன்று அடுக்கு இருக்கலாம்.

உச்சியில் உறுப்பினர்கள். இவர்கள் அன்றாட வேலையில் தலையிடுவதில்லை. அடுத்து டிரஸ்டிகள், அதாவது இயக்குநர் குழு. சம்பளம் வாங்காமல் பணி செய்பவர்கள், சட்டப்படி முழுப் பொறுப்பும் இவர்களுடையது. இவர்கள் நியமிப்பவர் தலைமை நிர்வாகி. டிரஸ்டின் எல்லாப் பள்ளிகளின் பணத்துக்கும் இவர்தான் அரசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே பள்ளிதோறும் ஹெட் டீச்சரும், அவருக்குப் பக்கத்தில் உள்ளூர் கவர்னர் குழுவும்.

இந்த உள்ளூர் கவர்னர் குழுவைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். பெயரைக் கேட்டால் பழைய கவுன்சில் பள்ளியின் கவர்னர் குழு போலவே இருக்கும். அதிகாரமோ டிரஸ்டிகள் கொடுப்பது எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு டிரஸ்டில் ஹெட் டீச்சரைத் தேர்ந்தெடுப்பதிலும் பட்ஜெட்டிலும் அவர்களுக்குப் பங்கு இருக்கும். இன்னொரு டிரஸ்டில் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே.

எது எப்படி என்று காட்டும் ஆவணத்துக்கு 'ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன்' என்று பெயர். டிரஸ்டின் இணையதளத்தில் நிர்வாகம் என்ற பகுதியில் இருக்கும், இருந்தாக வேண்டும். பெரும்பாலும் ஒரு அட்டவணைதான்: இடப்பக்கம் விஷயம், மேலே அடுக்குகள், கட்டங்களில் யார் முடிவெடுக்கிறார், யாரிடம் ஆலோசனை கேட்கப்படும் என்று. சீருடை மாற்றம், பாடவேளை, விடுமுறைத் தேதி, சேர்க்கை விதி, ஒரு மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்குவதை மறுபரிசீலனை செய்வது என்று எல்லாம் அதில் இருக்கும். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை ஒருமுறை படித்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். ரிசல்ட் பட்டியலைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசி போதும். ஹெட் டீச்சரால் தீர்க்கவே முடியாத விஷயத்துக்கு அவர் அறை வாசலில் நான்கு முறை காத்திருக்கும் அலைச்சல் இதனால் மிச்சமாகும்.

சேர்க்கை

விண்ணப்பம் எங்கே போடுவது என்பதில் தவறவிடாதீர்கள். இயர் 7-இல், அதாவது செகண்டரியின் முதல் வகுப்பில், செப்டம்பரில் சேர்வதாக இருந்தால், எந்த டிரஸ்டின் பள்ளியாக இருந்தாலும் விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சிலுக்குத்தான். வேறு கவுன்சில் எல்லையில் இருக்கும் பள்ளியைக் கேட்பதாக இருந்தாலும் உங்கள் கவுன்சிலின் படிவத்தில்தான் எழுத வேண்டும். கடைசி நாள் முந்தைய ஆண்டு அக்டோபர் 31. முடிவு மார்ச் 1-ஆம் தேதி, அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாள். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை வரிசைப்படுத்தி எழுதலாம். மற்ற இடங்களில் குறைந்தது மூன்று.

"முதலிடத்தில் எழுதாவிட்டால் அந்தப் பள்ளி நம்மை ஒதுக்கிவிடும்" என்று ஒரு பேச்சு கோயில் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தவறு. நீங்கள் எத்தனையாவது இடத்தில் எழுதினீர்கள் என்பதை வைத்துப் பள்ளி இடம் ஒதுக்கக்கூடாது என்பது சேர்க்கை விதி. உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். ஆறு கட்டங்களையும் நிரப்புங்கள், நடந்து போகும் தூரத்தில் கிடைக்கக்கூடிய ஒரு பள்ளியையாவது அதில் வையுங்கள்.

டிரஸ்ட் எங்கே வருகிறது? மேட் பள்ளிகளில் சேர்க்கை விதியை எழுதுவது கவுன்சில் அல்ல, டிரஸ்ட். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் யாருக்கு முன்னுரிமை என்ற வரிசையை ஒவ்வொரு பள்ளிக்கும் அது வெளியிடும். கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் குழந்தைகள், உடன்பிறந்தோர், தூரம் என்று போகும். சில டிரஸ்ட் பள்ளிகளில் திறன் தேர்வு எழுதவைத்து, எல்லாத் தர மாணவர்களிலிருந்தும் குறிப்பிட்ட விகிதத்தில் எடுக்கிறார்கள். அந்தத் தேர்வுக்குத் தனிப் படிவமும் தனிக் கடைசித் தேதியும் இருக்கும், பெரும்பாலும் அக்டோபர் 31-க்கு முன்பே முடிந்துவிடும்.

இங்கே இரண்டு தப்புக் கணக்கு போடுகிறோம். "சின்னவன் அதே டிரஸ்டின் பிரைமரியில்தானே படிக்கிறான், செகண்டரியில் தானாக இடம் வரும்" என்பது ஒன்று. அந்தப் பிரைமரியின் பெயரைச் செகண்டரியின் முன்னுரிமை வரிசையில் எழுதியிருந்தால்தான் உண்டு. "அக்கா அதே டிரஸ்டின் இன்னொரு பள்ளியில் படிக்கிறாள், உடன்பிறந்தோர் முன்னுரிமை கிடைக்கும்" என்பது இன்னொன்று. உடன்பிறந்தோர் விதி பெரும்பாலும் அதே பள்ளியில் படித்தால் மட்டும்தான். விதியில் உள்ள வார்த்தையைப் படித்துப் பாருங்கள், டிரஸ்டின் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து ஊகிக்காதீர்கள்.

சரி, நீங்கள் ஜனவரியிலோ ஏப்ரலிலோ வந்து இறங்குகிறீர்கள், பிள்ளை இயர் 9. அப்போது செய்வது 'இன்-இயர்', அதாவது கல்வியாண்டின் நடுவில் போடும் விண்ணப்பம். சில டிரஸ்டுகள் இதைக் கவுன்சிலிடம் விட்டிருக்கும், சில நேரடியாக வாங்கும். எது என்பதைப் பள்ளியின் இணையதளத்தில் சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் ரிசப்ஷனில் "இடமில்லை" என்று சொல்லி வைத்துவிடலாம். அந்தப் பதிலை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டின் எந்த நாளிலும் எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. படிவத்தைப் போடுங்கள். 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணமும், அப்பீல் செய்யும் உரிமையும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கையில் கடிதம் இருந்தால்தான் அப்பீல்.

அப்பீல் குழுவைக் கூட்டுவது டிரஸ்ட், ஆனால் தீர்ப்புச் சொல்பவர்கள் டிரஸ்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. அவர்கள் முடிவு டிரஸ்டைக் கட்டுப்படுத்தும். பிரைமரியின் தொடக்க வகுப்புகளுக்கு 30 பேர் என்ற சட்ட வரம்பு உண்டு, அங்கே அப்பீல் வெல்வது கடினம். செகண்டரியில் அந்த வரம்பு இல்லை. இன்னொரு மாணவரைச் சேர்த்தால் பள்ளிக்கு என்ன சிரமம், சேர்க்காவிட்டால் உங்கள் பிள்ளைக்கு என்ன இழப்பு என்று குழு எடைபோட்டுப் பார்க்கும். அதனால் "நல்ல பள்ளி, பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதி நிறுத்தாதீர்கள். அந்தப் பள்ளியில் மட்டும் இருக்கும் பாடம், புதிய மொழிச் சூழலுக்கு அங்கே கிடைக்கும் உதவி, மருத்துவக் காரணம், கூடப் படிக்கும் உறவுப் பிள்ளை என்று பிள்ளையின் நிலைமையோடு ஒட்டி எழுதுங்கள். ஆவணம் இருந்தால் இணையுங்கள்.

எங்கேயும் இடம் கிடைக்காமல் பிள்ளை வீட்டில் இருந்தால் கவுன்சிலிடம் 'ஃபேர் அக்செஸ் ப்ரோட்டோகால்' என்ற பெயரைச் சொல்லுங்கள். இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பள்ளி ஒதுக்கும் ஏற்பாடு அது. நியாயமான தூரத்தில் வேறு பள்ளியில் இடமே இல்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் படிப்பின்றி இருக்கும் பிள்ளைகளும், அகதிகளாகவோ அடைக்கலம் கோரியோ வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் வருவார்கள். டிரஸ்ட் பள்ளிகளும் அதில் பங்கெடுத்தே ஆக வேண்டும். இலங்கையிலிருந்து அடைக்கலம் கோரி வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த உரிமை தெரியாமல் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பள்ளி இடம் மறுக்கக்கூடாது.

சேர்ந்திருப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்

டிரஸ்டுகள் எல்லாமே தங்கள் விளம்பரப் புத்தகத்தில் கூட்டு முயற்சி என்று எழுதியிருக்கும். பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் ஓப்பன் ஈவினிங்குக்குப் போகும்போது அதன் பொருளைப் பிடித்துக் கேளுங்கள்.

நன்றாக நடக்கும் டிரஸ்டில் சேர்ந்திருப்பதன் பலன் கண்ணில் தெரியும். இயற்பியல் ஆசிரியர் கிடைப்பது இங்கே பெரும் பாடு. பள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒருவரையே இரண்டு பள்ளிகளுக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு வாரியம் என்று இருந்தால் ஆசிரியர்கள் சேர்ந்து வினாத்தாள் தயாரிப்பார்கள், ஒருவர் பள்ளியின் விடைத்தாளை இன்னொருவர் திருத்திப் பார்ப்பார். 16 வயதுக்குப் பிறகு ஏ லெவல் படிக்கும் சிக்ஸ்த் ஃபார்மில் பலன் இன்னும் தெளிவு. ஒரு பள்ளியில் நான்கு பேர் மட்டும் எடுக்கும் 'ஃபர்தர் மேத்ஸ்' (கூடுதல் கணிதம்) வகுப்பைத் தனியாக நடத்தக் கட்டுப்படியாகாது, மூன்று பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தால் வகுப்பு நடக்கும்.

பெரிய டிரஸ்டுகளுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. கிரிஸ்டல் பேலஸில் 1990-இல் ஒரே பள்ளியாகத் தொடங்கிய ஹாரிஸ் ஃபெடரேஷன் இன்று லண்டனிலும் எசெக்ஸிலும் 50-க்கு மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. அருகருகே பள்ளிகள் இருப்பதே அதன் பலம். யுனைட்டெட் லேர்னிங் நாடு முழுக்கப் பரவியிருப்பது. பரந்து கிடக்கும் டிரஸ்டில் பாடத்திட்டம் பகிரலாம், ஆசிரியரைப் பகிர்வது கடினம். ஆகவே டிரஸ்டின் மொத்தப் பள்ளி எண்ணிக்கையைவிட, உங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் அதன் பள்ளிகள் எத்தனை என்று பாருங்கள். எனக்குப் பெரிய பெயரைவிட அதுதான் முக்கியம்.

ஓப்பன் ஈவினிங்கில் கேட்க வேண்டியவை: என் மகள் எடுக்க நினைக்கும் ஏ லெவல் பாடம் இந்தக் கட்டடத்திலேயே நடக்கிறதா, வேறு பள்ளிக்குப் போக வேண்டுமா, பஸ் செலவு யாருடையது? வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கு உதவி செய்ய இந்தப் பள்ளிக்கென ஆள் உண்டா, டிரஸ்டுக்கெல்லாம் சேர்த்து ஒருவரா? கடந்த ஆண்டு கணக்கு ஆசிரியர்களில் எத்தனை பேர் மாறினார்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம்.

அகாடமிகள் விடுமுறைத் தேதியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை கவுன்சில் பிரைமரியிலும் இன்னொன்று டிரஸ்ட் செகண்டரியிலும் படித்தால் அக்டோபர் அரைப்பருவ விடுமுறை வேறு வேறு வாரத்தில் வரக்கூடும். ஊருக்கு டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு நாட்காட்டியையும் ஒப்பிடுங்கள்.

பணம் எங்கே போகிறது

பிள்ளை ஒருவருக்கு இவ்வளவு என்று அரசு தரும் பணம் மேட் பள்ளிகளில் டிரஸ்டுக்குப் போகும். டிரஸ்ட் அதில் ஒரு பங்கைத் தன் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து என்பது பரவலாகக் காணும் அளவு. சம்பளக் கணக்கு, கணினி, சட்ட உதவி, ஆசிரியர் பயிற்சி எல்லாம் அதிலிருந்து வரும். வேறு சில டிரஸ்டுகள் எல்லாப் பள்ளிப் பணத்தையும் ஒரே குடத்தில் ஊற்றித் தேவைக்கேற்பப் பிரிக்கின்றன. நலிந்த பள்ளிக்கு இது உயிர். நன்றாகச் சேமித்து வைத்த பள்ளிக்கு வயிற்றெரிச்சல். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளிப்படையாகச் சொல்லிச் செய்ய வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், 2017 செப்டம்பரில் வேக்ஃபீல்ட் சிட்டி அகாடமிஸ் டிரஸ்ட் தன் 21 பள்ளிகளையும் தன்னால் நடத்த முடியாது என்று கைவிட்டது. சில பள்ளிகள் சேர்த்து வைத்திருந்த பணம் அதற்கு முன்பே டிரஸ்டின் கணக்குக்குப் போயிருந்தது பெற்றோரை மிகவும் வருத்தியது. பள்ளிகள் வேறு டிரஸ்டுகளுக்கு மாற்றப்பட்டு நடந்தன, பிள்ளைகள் தெருவில் நிற்கவில்லை. ஆனாலும் அந்த ஊர்ப் பெற்றோர் அனுபவித்த குழப்பம் பெரிது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. ஒவ்வொரு டிரஸ்டின் கணக்காண்டும் ஆகஸ்ட் 31-இல் முடியும். தணிக்கை செய்த கணக்கை அடுத்த ஜனவரி 31-க்குள் இணையதளத்தில் போட வேண்டும். கம்பெனிஸ் ஹவுஸ் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். முழுவதும் படிக்க வேண்டாம். கையிருப்பு கூடுகிறதா குறைகிறதா, டிரஸ்டிகளின் உறவினர் நிறுவனங்களுக்கு ஏதாவது பணம் போயிருக்கிறதா, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றையும் வெளியிடுவது டிரஸ்டின் கடமை.

பணம் என்றதும் இன்னொன்று: விசாவில் 'அரசு உதவி கிடையாது' என்று அச்சிட்டிருந்தாலும், வருமானம் குறைவாக இருந்தால் பிள்ளைக்கு இலவச மதிய உணவு கேட்கலாம். வெட்கப்படாமல் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

புகார் செய்வது

பிள்ளையைக் கேலி செய்கிறார்கள், பள்ளி கண்டுகொள்ளவில்லை. அல்லது இனவெறியாகப் பேசியிருக்கிறார்கள். கவுன்சிலுக்குப் போன் செய்தால் "அது அகாடமி, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்பார்கள். அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை, நிலைமையே அதுதான்.

அகாடமிகளுக்கு மூன்று படி உண்டு. முதலில் வாய்மொழியாக, சம்பந்தப்பட்ட ஆசிரியரிடமோ இயர் ஹெட்டிடமோ. பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் "இன்று நாம் பேசியது இது, நீங்கள் செய்வதாகச் சொன்னது இது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இரண்டாவது எழுத்துப்பூர்வமான புகார், பெரும்பாலும் ஹெட் டீச்சருக்கு. மூன்றாவது குழு விசாரணை. குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள், அவர்கள் யாரும் விஷயத்தில் நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்கக்கூடாது, ஒருவராவது பள்ளி நிர்வாகத்துக்கு முற்றிலும் வெளியில் உள்ளவராக இருக்க வேண்டும். நீங்கள் நேரில் போகலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் நன்றாகப் பேசத் தெரிந்த உறவினரையோ நண்பரையோ கூட்டிப் போங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அந்தப் பாரம் அவர்களுக்கு வேண்டாம்.

இதற்கு மேலும் திருப்தியில்லை என்றால் கல்வித் துறைக்கு எழுதலாம். அவர்கள் பெரும்பாலும் நடைமுறை சரியாக நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள், புதிதாகத் தீர்ப்பெழுதமாட்டார்கள். ஆகவே தேதி, பெயர், கடிதம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் வையுங்கள்.

பிள்ளையைப் பற்றிப் பள்ளி எழுதி வைத்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோரலாம், பொதுவாக ஒரு மாதத்தில் தர வேண்டும். டிரஸ்டின் கொள்கை, செலவு போன்ற பொது விஷயங்களுக்குத் தகவல் சுதந்திரச் சட்டம் அகாடமிகளுக்கும் பொருந்தும். ஊரில் ஆர்.டி.ஐ. போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

நீக்கம் பற்றிச் சுருக்கமாக. பள்ளி நிரந்தரமாக நீக்கினால் முதலில் கவர்னர்கள் அல்லது டிரஸ்டின் குழு 15 பள்ளி நாட்களுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அங்கே தோற்றால் தனிக் குழு ஒன்றின் மறு ஆய்வு கோரலாம். பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருந்தால் அந்தத் துறை நிபுணர் ஒருவரை அந்தக் குழுவுக்கு வரவழைக்கவும் கேட்கலாம். எந்தச் சூழ்நிலையிலும் "நீக்கம் பதிவாகாமல் இருக்க, வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று எழுதிக்கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட நொடியில் பிள்ளையின் இடம் போய்விடும், படிப்பின் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று எழுதித் தரும் ஈ.எச்.சி. (கல்வி, உடல்நலம், பராமரிப்பு) திட்டம் மட்டும் இன்னமும் கவுன்சிலின் பொறுப்பு. பள்ளி எந்த டிரஸ்டாக இருந்தாலும் மதிப்பீடு கேட்க வேண்டியது கவுன்சிலிடம். திட்டத்தில் பள்ளியின் பெயர் எழுதப்பட்டுவிட்டால் அந்த அகாடமி சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

டிரஸ்ட் மாறினால்

ஒரு நாள் கடிதம் வரும்: நம் பள்ளி இன்ன டிரஸ்டில் சேரப்போகிறது, அல்லது இந்த டிரஸ்டிலிருந்து அந்த டிரஸ்டுக்குப் போகிறது. பிள்ளையின் இடத்துக்கு ஆபத்தில்லை. ஆசிரியர்களும் அதே வேலை நிபந்தனையோடு புதிய டிரஸ்டுக்கு மாறுவார்கள். மாறக்கூடியவை சீருடை, பாடவேளை, ஒழுக்க விதி, சில சமயம் ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) தேர்வு வாரியம். இயர் 10-இல் பிள்ளை இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அதுதான்: தொடங்கிய பாடத்திட்டத்திலேயே தேர்வு எழுதுவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சீருடை மாறினால் எத்தனை நாள் பழையதைப் போடலாம், பள்ளிச் சின்னம் போட்ட உடை எத்தனை வாங்க வேண்டும் என்று கேளுங்கள். செலவைக் குறைவாக வைக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே இருக்கிறது.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் போங்கள். நம் குடும்பங்கள் அங்கே குறைவாகவே தென்படுகின்றன. வேலை நேரம், மொழித் தயக்கம், காரணங்கள் புரிகின்றன. நேரில் போக முடியாவிட்டால் எழுதி அனுப்பலாம், நான்கு வரி போதும்.

உள்ளே போய் உட்கார

ஒவ்வொரு உள்ளூர் கவர்னர் குழுவிலோ, அப்படி இல்லையென்றால் டிரஸ்டிகள் குழுவிலோ, தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். இடம் காலியானால் பள்ளி எல்லாப் பெற்றோருக்கும் அறிவிப்பு அனுப்பும். குடியுரிமை தேவையில்லை, பட்டம் தேவையில்லை. பின்னணிச் சோதனை ஒன்று செய்வார்கள். மாலை நேரக் கூட்டங்கள், முன்கூட்டியே படிக்க வேண்டிய தாள்கள், அவ்வப்போது பள்ளிக்குள் ஒரு சுற்று, இவ்வளவுதான் வேலை. சம்பளம் இல்லை. ஊரில் கணக்காளராகவோ ஆசிரியராகவோ நர்ஸாகவோ இருந்தவர்கள் கையில் இருக்கும் அனுபவம் இந்தக் குழுக்களுக்கு உண்மையிலேயே தேவை.

நிற்க நினைத்தால், பெயர் கொடுக்கும் முன் மூன்றைப் படித்துவிட்டுப் போங்கள்: டிரஸ்டின் ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன், பள்ளியின் கடைசி ஆஃப்ஸ்டெட் (அரசின் பள்ளி ஆய்வு அமைப்பு) அறிக்கை, உள்ளூர் குழுவின் கடைசி இரண்டு கூட்டக் குறிப்புகள். கூட்டக் குறிப்பு இணையதளத்தில் இல்லையென்றால் குழுவின் கிளார்க்கிடம் கேளுங்கள், அவருடைய மின்னஞ்சல் பள்ளி அலுவலகத்தில் கிடைக்கும்.